திமிங்கிலத்துக்குள் இருந்த முகம்

வான்கூவர்,
9 பிப்ரவரி 1994

ரூஃபஸுக்கு,

ஐந்து வருடமும் மூன்று மாதமும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். போதும்.

நேற்று அருங்காட்சியகத்திலிருந்து ஒரு தபால் வந்தது. எங்கள் வீட்டுத் திமிங்கில முகமூடியைக் கோடைக் கண்காட்சிக்கு இரவல் கொடுத்திருப்பது உனக்குத் தெரியும். மத்தாயஸ் மாமாவின் பெயரை இப்போது தாங்குகிறவன் என்ற முறையில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். கண்காட்சியை ஒட்டி ஒரு படப் புத்தகம் போடுகிறார்கள். அட்டையின் மாதிரியை எனக்கு அனுப்பியிருந்தார்கள். திமிங்கிலம் இரண்டாகப் பிளந்து விரிந்திருக்கிறது, நடுவில் அந்த மனித முகம். அடியில் 'செதுக்கியவர்: ரூஃபஸ் மார்ஸ்டன்' என்று ஒரு வரி.

வெளியே இருக்கும் திமிங்கிலம் உன் வேலை, அதை நான் மறுக்கவில்லை. உள்ளே இருக்கும் முகம் உன்னுடையதல்ல. அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

இதுவரை எழுத்தில் வராததை நானே எழுதிவிடுகிறேன். மாமாவின் பெயரை நான் ஏற்ற விருந்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, நான் போட்டு ஆடிப் பழகுவதற்காக முகமூடியைப் பெட்டியில் வைத்துக் கப்பலில் அனுப்பியிருந்தாய். திறந்து பார்த்தேன். உள்முகத்தில் மூக்கின் இடது பக்கத்தை ஒட்டி ஒரு வெடிப்பு. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, கயிற்றை இழுத்துத் திமிங்கிலத்தைப் பிளக்கும் நொடியில் அந்த முகமும் இரண்டாகிவிட்டால் என்ன ஆகும்? உனக்குத் திருப்பி அனுப்ப நேரமில்லை. தோல்வார்களை அவிழ்த்து அதை எடுத்துவிட்டு, பதினேழு நாளில் நானே ஒரு முகம் செதுக்கிப் பொருத்தினேன். அதைப் போட்டுக்கொண்டுதான் ஆடினேன். ஊர் வாயைப் பிளந்தது அந்த முகத்தைப் பார்த்துத்தான்.

பெயர் ஏற்கிறவன் தன் முகமூடியைத் தானே செய்யக் கூடாது, அவனுடைய அப்பா வீட்டார்தான் செய்ய வேண்டும் என்ற முறையை நீ எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த வேலை உன்னிடம் வந்ததே அதனால்தான். என் அப்பா கழுகுக் குலம், நீ அவருடைய தங்கை மகன், அம்மா வழியில் நீயும் கழுகு. அவ்வளவுதான். உன் கை உசத்தி என்று யாரும் உன்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. நான் கலை படித்தவன். இந்த நகரத்தில் என் செதுக்கு வேலைகளுக்குக் காத்திருந்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

என் பெயரை அங்கே போட முடியாது. போட்டால் நானே செதுக்கியது வெளியே வரும், மாமா எனக்குக் கொடுத்த பெயர் கறைபடும். அந்தக் கணக்கில் நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று நீ ஐந்து வருடமாக நிம்மதியாக இருந்திருக்கிறாய். ஊருக்குள் அந்தப் புகழை நீ அனுபவித்தவரை பொறுத்துக்கொண்டேன். அச்சில் வருவதைப் பொறுக்க மாட்டேன். அருங்காட்சியகத்துக்குப் போன் செய்து உன் பெயரை எடுத்துவிடச் சொல். காரணம் எதையாவது சொல்லிக்கொள். என் பெயர் வர முடியாத இடத்தில் உன் பெயரும் வரக் கூடாது.

இப்படிக்கு,
மத்தாயஸ் மாமாவின் பெயரையும் இருக்கையையும் ஏற்ற,
பெர்சி வாட்லி


ஊரிலிருந்து,
27 பிப்ரவரி 1994

மச்சான்,

கடுதாசி கெடச்சுது. கையெழுத்தே ரெண்டு வரி போட்டிருக்க, அதப் படிக்கறதுக்குள்ள டீ ஆறிப்போச்சு. எனக்கு உன்ன மாதிரி எழுத வராது. பேசுற மாதிரிதான் எழுதுவேன், பொறுத்துக்க. எழுதப் படிக்க எனக்குச் சொல்லிக் கொடுத்தது எல்வைராதான், அதுவும் கல்யாணத்துக்கு அப்புறம். அவகிட்ட உன் கடுதாசிய காட்டல. "அண்ணன் என்ன எழுதியிருக்கார்?"னு கேட்டா. "அங்கயும் மழையாம்"னேன். "அதுக்கா நாலு பக்கம்?"னா.

தாமதத்துக்குக் காரணம், எல்லாரும் ரூப்பர்ட் போயிட்டோம், கூடைப்பந்துப் போட்டிக்கு. நம்ம பசங்க அரையிறுதியில தோத்துட்டாங்க. நம்ம மேளக்கார வில்லர்ட் நடுவரைத் திட்டித் திட்டி தொண்டை கட்டி, ஊமை மாதிரி திரும்பி வந்தான். ஊரே நிம்மதியா இருக்கு.

சரி, உன் விஷயத்துக்கு வர்றேன்.

வெடிப்பு இல்ல மச்சான். அந்த ஆல்டர் மரத் துண்ட ரெண்டு மாசம் ஓடைத் தண்ணியில போட்டு வெச்சிருந்தேன். வேலை செஞ்ச நாலு மாசமும் ஈரச் சாக்குல சுத்தி வெச்சேன். பெட்டியில போடறதுக்கு முன்னாடி மூக்க வெளக்குக்கிட்ட காட்டி, நகத்தால தட்டித் தட்டிப் பாத்தேன். மணி மாதிரி சத்தம் கேட்டுச்சு. வெடிச்ச மரம் அப்படிக் கேக்காது, உனக்கே தெரியும்.

விருந்து அன்னிக்கு, ஊர் விளையாட்டுக் கூடத்துல, நான் மேளத்துல உக்காந்திருந்தேன். நீ கூடைப்பந்து வளையத்துக்குக் கீழ ஆடிட்டு இருந்த. நல்லாத்தான் ஆடுன, இல்லன்னு சொல்ல மாட்டேன். திமிங்கிலம் தலைய சாய்ச்சு சாய்ச்சுப் போச்சு, முதுகுல இருந்த கழுகுத் தூவி பறந்து ஜனங்க மேல எல்லாம் விழுந்துச்சு. அப்ப நீ கயித்த இழுத்த. திமிங்கிலம் பொளந்துச்சு. உள்ள யாரோ ஒரு ஆள். நான் செய்யாத ஆள்.

ஒரு அடி விட்டுட்டேன் மச்சான். இருபது வருஷம் மேளம் அடிச்சதுல அந்த ஒரு அடிதான் விட்டது. பக்கத்துல இருந்த வில்லர்ட், "என்னடா, கை மரத்துப் போச்சா?"ன்னான்.

அப்புறம் "முகமூடி செஞ்சவன் எந்திரிச்சு வா"ன்னு சபையில கூப்பிட்டாங்க. உக்காந்தே இருந்திருக்கலாம். "உள்ள இருக்கறத நான் செய்யல"ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், உனக்கு வர இருந்த பேரு அங்கயே கீழ விழுந்திருக்கும். மாமா மூக்குல ட்யூபோட, ஆக்சிஜன் சிலிண்டர பக்கத்துல வெச்சுக்கிட்டு, நல்ல கோட்டு போட்டுக்கிட்டு உக்காந்திருந்தார். நான் எந்திரிச்சேன். கம்பளி போத்துனாங்க, போத்திக்கிட்டேன். நீ சொல்ற புகழ் அதுதான். அந்தக் கம்பளிய இன்னும் பிரிக்கல, பெட்டிக்குள்ள மடிச்சபடியே இருக்கு.

பேர எடுக்கச் சொல்ற. எனக்கு ஒண்ணும் இல்ல, எடுக்கச் சொல்லிடுவேன். ஆனா எடுத்துட்டா அந்த எடம் காலியா இருக்கும். "ஏன் காலி?"ன்னு அந்த அருங்காட்சியகப் பொண்ணு கேக்கும், அப்புறம் ஊர்ல கேப்பாங்க. நீதான் படிச்சவன், யோசிச்சுச் சொல்லு.

இந்த அஞ்சு வருஷத்துல உன்கிட்ட நான் எதையும் கேக்கல. இப்ப ஒண்ணு கேக்கறேன். நான் செஞ்ச முகம் எங்க?

ரூஃபஸ்

எல்வைரா காய வெச்ச கடல்பாசி கொஞ்சம் தனிப் பார்சல்ல அனுப்பியிருக்கா. சூப்புல போடு. அந்த ஊர் ஆளுங்க மாதிரி அப்படியே வெச்சுக் கொறிக்காத.


வான்கூவர்,
11 மார்ச் 1994

ரூஃபஸ்,

உன் பெருந்தன்மை எனக்குத் தேவையில்லை. நான் கேட்டது ஒரு போன் அழைப்பு. நீ அனுப்பியது கடல்பாசியும் உபதேசமும்.

எனக்காகவா எழுந்து நின்றாய்? நீ எழுந்து நின்றது உனக்குப் பழக்கமான காரியம். எனக்கு வர வேண்டிய இடத்தில் நின்றுகொள்வது சின்ன வயதிலிருந்தே உனக்குக் கைவந்தது.

1952 செப்டம்பர். எனக்கு எட்டு வயது, உனக்கு ஏழு. ஊர்ப் பிள்ளைகளை அரசாங்க விடுதிப் பள்ளிக்கு அள்ளிக்கொண்டு போகும் கப்பல் மறுநாள் துறைக்கு வருகிறது என்று ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. அன்று மாலை மாமா தன் படகில் ஒரு பையனை ஏற்றிக்கொண்டு கழிமுகத்துக்குள் போய்விட்டார். மீன் வாட்டும் குடிசையில் பத்து நாள் ஒளித்து வைத்திருந்தார். அந்தப் பையன் நீ. அவருடைய அக்கா மகன் நான். அவருடைய குலமும் நான், அவருக்குப் பிறகு அவர் பெயரைத் தாங்க வேண்டியவனும் நான். நீ அவருக்கு யார்? பக்கத்து வீட்டுக் கழுகு. அந்தப் படகில் இரண்டாவது பையனுக்கு இடமில்லையா?

மறுநாள் நான் கப்பலேறினேன். பத்து வருடம் கழித்து லத்தீன் செய்யுள் மனப்பாடமாக, நம் பேச்சில் ஒரு வாய் தண்ணீர் கேட்கத் தெரியாமல் திரும்பி வந்தேன். மாமா துறையில்தான் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "ம். உயரமாயிட்டே" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, என் பெட்டியைப் பார்த்துச் சொன்னார். பிறகு உன் பக்கம் திரும்பி, "வலையை ஏத்துடா, சோம்பேறி" என்றார். இரண்டு பேரும் சிரித்தீர்கள். அந்த ஒரு 'சோம்பேறி'க்காக நான் என் படிப்பு மொத்தத்தையும் அந்தத் துறையிலேயே இறக்கி வைத்திருப்பேன். அது உனக்குப் புரியாது, உனக்கு அது தினமும் கிடைத்தது.

அதற்குப் பிறகு நான் கோடைதோறும் வந்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் உன் படகில் இருந்தார், இல்லையென்றால் உன் கொட்டகையில் இருந்தார். நான் எதிரில் போய் உட்கார்ந்தால் எழுந்து விறகு எடுக்கப் போவார். விருந்தில் எனக்குப் பெயர் சூட்டியபோதுகூட அவர் கை என் தோளில் இருந்தது, கண் வேறெங்கோ இருந்தது.

விருந்து முடிந்து ஜனங்கள் மீதிச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டிருந்தபோது, வில்லர்ட் உன்னைக் கட்டிப்பிடித்துச் சொன்னது எனக்குக் கேட்டது. "டேய், இது உன் கை மாதிரியே இல்லடா. இவ்வளவு வேலைய இத்தனை நாள் எங்க ஒளிச்சு வெச்சிருந்தே?" நான் இரண்டு அடி தள்ளி நின்று எல்லோருக்கும் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு வாழ்க்கையில் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அது, உன் காதில் சொல்லப்பட்டது. நீ தலையைக் குனிந்துகொண்டாய். அடக்கம் என்று எல்லோரும் அதையும் பாராட்டினார்கள்.

உன் முகம் எங்கே என்று கேட்கிறாய். எரித்துவிட்டேன். வெடித்த மரத்தை வேறு என்ன செய்வார்கள்?

பெயரை எடுக்கச் சொல்.

பெர்சி


ஊரிலிருந்து,
17 ஏப்ரல் 1994

மச்சான்,

எரிச்சுட்டேன்னு எழுதியிருந்த. ரெண்டு நாள் கொட்டகைப் பக்கம் போகல. அப்புறம் மத்தி மீன் முட்டை வெக்க வந்துடுச்சு, கடலே பால் மாதிரி வெளுத்துடுச்சு. பாசியில ஒட்டுன முட்டைய அள்ளறதுக்கே பொழுது சரியா இருந்துச்சு. அதனால இவ்வளவு நாள்.

மொதல்ல ஒரு சேதி. அருங்காட்சியகப் பொண்ணு போன் பண்ணுச்சு. நல்ல பொண்ணு, மரியாதையா பேசும். தூசி தட்டறதுக்காக உள்முகத்த கழட்டியிருக்காங்க. பின்பக்கம், தாடைக்குக் கீழ, சின்ன வட்டம், அதுக்குள்ள உன் பேரோட மொதல் எழுத்து கீறியிருக்காம். "இது யாரோட குறி?"ன்னு கேட்டுச்சு.

ஏன் மச்சான்? ஊருக்குத் தெரியக் கூடாதுன்னு ஒளிச்சு செஞ்ச வேலை. அதுலயும் போய்க் கையெழுத்துப் போட்டியா? நம்ம ஆளுங்க எவனாவது முகமூடி முதுகுல பேரு கீறுவானா? கடைக்குச் செஞ்சு செஞ்சு உன் கை அந்தப் பழக்கத்துலயே போயிடுச்சு. படிச்சதும் சிரிச்சேன். மன்னிச்சுக்க, நெஜமா சிரிச்சுட்டேன்.

அந்தப் பொண்ணுகிட்ட, "யாருக்காக செஞ்சமோ அவங்க அடையாளம் அது. பெர்சி போட்டுக்கற முகமூடி, அதனால போட்டேன்"னு சொல்லிட்டேன். "ஓ, அழகா இருக்கே"ன்னு எழுதிக்கிச்சு. அப்படியே போயிடுச்சு. இப்ப நான் பேர எடுக்கச் சொன்னா அந்தக் குறிய திரும்பவும் கிளறுவாங்க. அதனால எடுக்கச் சொல்லல. உன் பேர காப்பாத்தணும்னா என் பேரு அங்க இருக்கணும். கோவிச்சுக்க.

இனிமே சொல்லப் போறத அஞ்சு வருஷமா நானும் சொல்லல. எரிஞ்சு போன பொருளைப் பத்திப் பேசி என்ன ஆகப் போகுது, இருந்தாலும் தெரிஞ்சுக்க.

அது யார் முகம்னு பெட்டிய தொறந்ததும் உனக்குத் தெரிஞ்சிருக்கும். மாமா முகம். விருந்துக்கு முந்தின பனிக்காலம் முழுக்க என் கொட்டகையில அடுப்புப் பக்கத்துல உக்காந்து குடுத்தார். நாலு மாசம். "ஆடாத மாமா"ன்னா, "எனக்கு அரிக்குதுடா, மரமாடா நான்?"னுவார். நானா கேக்கல மச்சான், அவரா வந்து உக்காந்தார். "பெர்சி என் பேர எடுத்துக்கப் போறான், முகத்தையும் சேத்துக் குடுத்துடலாம். சபை நடுவுல அவன் மேல என் மூஞ்சி இருக்கட்டும்"னார். நான், "அத நேர்ல சொல்லலாமே"ன்னேன். "அவன நேராப் பாத்தா அந்தக் கப்பல்தான்டா தெரியுது"ன்னார்.

அப்பதான் அந்தப் படகு விஷயத்தையும் சொன்னார். அன்னிக்குச் சாயங்காலம் அவர் மொதல்ல வந்தது உங்க வீட்டுக்குத்தான். உங்கம்மா உன் துணிமணிய எல்லாம் மடிச்சு வெச்சிட்டு வாசல்ல நின்னாங்க. "அவன் படிக்கட்டும். இங்க இருந்து மீன் நாத்தத்துல கெடக்க வேணாம். நீ தொடாத"ன்னாங்க. மாமா கெஞ்சியிருக்கார். கூடப் பொறந்த அக்கா, புள்ளை அவங்களோடது, இவரால தூக்கிட்டுப் போக முடியுமா? பக்கத்து வீட்டுல எங்கம்மா கையோட என்னைப் புடிச்சுக் குடுத்தாங்க. படகுல உன் எடம் காலியாத்தான் இருந்துச்சு. குடிசையில ராத்திரி அவர் ரெண்டு பையனுக்குச் சோறு வெப்பார், அவர் தட்டைச் சேத்தா மூணு. எனக்கு அப்ப ஏன்னு புரியல.

உங்கம்மா இருந்தவரைக்கும், போன பிறகும், அத அவர் உன்கிட்ட சொல்லல. சொன்னா அக்காவக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும்னு, கண்ண மூடற வரைக்கும் இருந்துட்டார்.

இன்னும் ஒண்ணு. விருந்துல என்னை எந்திரிச்சு வரச் சொன்னாங்கல்ல, போகும்போது மாமா நாற்காலியக் கடந்துதான் போனேன். என் சட்டைக் கையப் புடிச்சு இழுத்தார். "டேய், நான் எங்கடா? உள்ள நான்ல இருக்கணும்?"னு காதுல கேட்டார். என்ன சொல்றது? "கடைசி நேரத்துல மாத்த வேண்டியதாப் போச்சு மாமா"ன்னேன். உன்னையே பாத்துட்டு இருந்தார். முகமூடிய மாட்டிக்கிட்டு மூச்சு வாங்க நின்னுட்டு இருந்த நீ. அப்புறம் சொன்னார், "அவன் வேலையா? நல்லாத்தான்டா இருக்கு. மூக்கு உன்னை விட நல்லா செய்யறான், படவா."

அதுக்கு அப்புறம்தான் எந்திரிச்சு நின்னு உனக்குப் பேரு வெச்சார். தெரிஞ்சுதான் வெச்சார் மச்சான். கண் வேற எங்கயோ இருந்துச்சுன்னு எழுதியிருக்க. அவர் பாத்துட்டு இருந்தது உன் தோள்ல தொங்குன முகமூடிய.

அவ்வளவுதான். இத எழுத எனக்கு மூணு நாள் ஆச்சு. கை வலிக்குது.

ரூஃபஸ்


வான்கூவர்,
6 மே 1994

மச்சானுக்கு,

வெடிப்பு இல்லை.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டுப் பத்து நாள் கடிதத்தை அப்படியே வைத்திருந்தேன். இப்போது மீதியையும் எழுதுகிறேன்.

பெட்டியைத் திறந்தது என் வீட்டின் கீழ்த்தளத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. திமிங்கிலத்தைப் பார்த்தேன், நன்றாக இருந்தது, என்னாலும் முடியும் என்று நினைத்தேன். கயிற்றை இழுத்தேன். உள்ளே மாமா இருந்தார். தோல் எலும்பின்மேல் இழுத்துக் கட்டியது போல, நம் பழைய முகமூடிகளில் இருப்பது போல. ஆனால் கண்ணோரத்தில் ஒரு சுருக்கம். 'வலையை ஏத்துடா, சோம்பேறி' என்று சொல்வதற்கு ஒரு நொடி முன்பு அவர் முகத்தில் வருவது அது. துறையில், இரண்டு அடி தள்ளி நின்று, நான் பக்கவாட்டில் மட்டுமே பார்த்தது. நீ அதை நேராக வாங்கியிருந்தாய், நேராகவே செதுக்கியிருந்தாய். ஐம்பது வருடம் படித்தாலும் எனக்கு அது வராது. கை வராததால் அல்ல. அந்த முகத்தை எனக்கு யாரும் காட்டவில்லை.

அதனால்தான் கழற்றினேன். அது மோசமாக இருந்திருந்தால் சந்தோஷமாக மாட்டிக்கொண்டு ஆடியிருப்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ செய்யாத வேலைக்கு நீ சபையில் எழுந்து கம்பளி வாங்க வேண்டும், அது உன்னை உள்ளே அறுக்க வேண்டும் என்று நினைத்தேன். நீ எழுந்தாய், வாங்கினாய், வீட்டுக்குப் போய்த் தூங்கினாய். அறுத்தது என்னைத்தான். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் என்னிடமே வந்து, "ரூஃபஸ் செஞ்ச அந்த முகம்..." என்று ஆரம்பிப்பார்கள். ஆமாம், நல்ல வேலை என்று சொல்லிச் சொல்லி என் பல் தேய்ந்துவிட்டது.

எரிக்கவில்லை. எரித்ததாக எழுதியது உன்னை நோகடிக்க. ஒரு கம்பளிச் சட்டையில் சுற்றி அலமாரியின் அடித்தட்டில் வைத்திருந்தேன். இரண்டு தடவை வீடு மாறினேன், இரண்டு தடவையும் அதை மட்டும் என் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். ஏன் என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. உன் கடிதம் வந்த அன்று எடுத்து மேசையில் வைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன். அவர் எழுந்து விறகெடுக்கப் போகவில்லை.

என் அம்மாவைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். அந்தத் துணிகளை அவள் எப்படி மடித்திருந்தாள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. சட்டைக் கைகளை உள்பக்கமாக மடித்து, நடுவில் உலர்ந்த மீன் ஒரு பொட்டலம். பள்ளிக்கூடத்தில் முதல் நாளே அதைப் பிடுங்கிவிட்டார்கள். நாற்பத்திரண்டு வருடம் தவறான ஆள்மேல் கோபமாக இருந்திருக்கிறேன். இப்போது சரியான ஆள்மேல் கோபப்படலாம் என்று பார்த்தால், அவள் படம் சுவரில் சிரித்துக்கொண்டிருக்கிறது, என்னால் முடியவில்லை.

மாமாவின் முகத்தைப் பெட்டியில் வைத்து நேற்று கப்பல் கம்பெனியில் கொடுத்துவிட்டேன். உன் பெயருக்குத்தான் போட்டிருக்கிறேன், எல்வைராவைத் திறக்க விடாதே. நீ சொன்ன ஈரச் சாக்குதான் சுற்றியிருக்கிறது. அக்டோபரில் திமிங்கிலம் ஊருக்குத் திரும்பி வரும். என் முகத்தைக் கழற்றிவிட்டு அதைக் கட்டு. தோல்வார் இடது பக்கம் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, புதிதாகப் போடு. அடுத்த விருந்தில் நான் அதைப் போட்டுக்கொண்டு ஆடுகிறேன். யாராவது முகம் மாறியிருக்கிறதே என்று கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். சபையில், நின்றபடி, எது நடந்ததோ அதை. அதனால் பெயரைக் கழுவ ஒரு விருந்து வைக்கச் சொன்னால் வைக்கிறேன். கேட்காவிட்டால் நானாகச் சொல்வேனா என்பது தெரியவில்லை. சொல்வேன் என்று உனக்கு எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் என்னை எனக்குத் தெரியும்.

என் முகத்தை என்ன செய்வது என்று கேட்பாய். எரித்துவிடாதே. கொட்டகையில் எங்காவது ஒரு ஆணியில் மாட்டிவை. மூக்கு நன்றாக இருக்கிறதாமே.

புத்தக அட்டையில் உன் பெயர் அப்படியே இருக்கட்டும், அருங்காட்சியகத்துக்கு நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அதைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரியும். எரியட்டும். பொறாமை போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. மூன்று தட்டில் சோறு வைத்த அந்தக் குடிசையில் உட்கார்ந்து சாப்பிட்டது நீ. நாலு மாதம் அரிக்குதுடா என்று அவர் முனகியதைக் கேட்டது நீ. எனக்கு முகம் கிடைத்தது, அதையும் நானே கழற்றி வைத்தேன். இந்தக் கணக்கு நாம் இரண்டு பேரும் போகும்வரை நேராகாது.

கடைசியாகக் கையெழுத்து. அதற்காக அரை மணி நேரமாகப் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மாமா கொடுத்த பெரிய பெயரைப் போட்டால் இதையெல்லாம் ஒப்புக்கொண்டது அந்தப் பெயர் என்றாகும். மாமாவும் அவருக்கு முன்னால் அதைத் தாங்கியவர்களும் சேர்ந்து என் திருட்டுக்குக் கைநாட்டு வைத்தது போல. அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. பெர்சி என்ற என் சின்னப் பெயரைப் போடலாம் என்றால், அதை நான் எங்கெல்லாம் கீறி வைத்திருக்கிறேன் என்று உனக்கே தெரியும். நான் விற்ற ஒவ்வொரு துண்டின் முதுகிலும் அது இருக்கிறது, யாரும் கேட்காமலே.

பெட்டியை மூடுவதற்கு முன்னால் நீ செய்த முகத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். நெற்றியிலிருந்து தாடைவரை தடவிப் பார்த்தேன். உன் வளைகத்தி போன தடம் மட்டும்தான் இருந்தது, வரிவரியாக, அலை இறங்கிய மணல்போல. வேறு ஒன்றும் இல்லை.

அதனால் இதன் அடியில் எதையும் எழுதாமல் மடித்து, அப்படியே தபாலில் போடப் போகிறேன்.